தறிச் சத்தத்துக்குள் முப்பிடாதி அக்கா

முப்பிடாதி அக்கா போய்விட்டார்... இன்று காலை, திருநெல்வேலி ஆஸ்பத்திரியில்.

சங்கரன்கோவிலில் எங்கள் விசைத்தறி ஷெட்டில் எனக்கு எதிர்த் தறி அவருடையது. தீபாவளிக்குக்கூட நல்லாத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஷெட்டுக்குள் காது கேட்காது. உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வோம். அதில்தான் ஏமாந்தோம்.

"இவளுக்குப் பேச்சு கொளறுது, கவனிச்சியளா?" என்று அவர் வீட்டுக்காரர் கணேசன் அண்ணாச்சி வந்து கேட்டார். "இல்லையே, நல்லாத்தான பேசுதாவ" என்று அத்தனை பேரும் சொன்னோம். குரலைக் கேட்டிருந்தால்தானே தெரியும்!

அப்புறம் நடை தள்ளாடியது. கை தானாகத் தூக்கித் தூக்கிப் போட்டது.

மூளை அழற்சியாக இருக்கலாம் என்றார் டாக்டர். நம் எதிர்ப்புச் சக்தியே மூளைக்கு எதிராகத் திரும்புவதாம். அப்படியென்றால் ஸ்டீராய்டில் மீள வழி உண்டு.

அண்ணாச்சி அதையே பிடித்துக்கொண்டார். அக்கா நெற்றியில் கோயில் புற்றுமண்ணைப் பூசிவிட்டு, "அழற்சியாவே இருக்கட்டும் தாயே" என்று கும்பிட்டார். நோய் வேண்டும் என்று வேண்டிக்கொண்ட மனுஷனை அன்றுதான் பார்த்தேன்.

ஸ்டீராய்டு கேட்கவில்லை. ப்ரையான் நோய், மருந்தே கிடையாது என்றார்கள்.

டாக்டர் விளக்கினார். கிருமியே இல்லை. மூளையில் இருக்கிற ஒரு புரதம் கோணலாக மடங்குகிறது, பக்கத்தில் இருப்பதையும் தன்னைப்போல மடக்குகிறது... உயிர்கூட இல்லாத துணுக்கு!

மூளையின் காவல் செல்கள் அதைத் துப்புரவு செய்யக் கிளம்புமாம். போகப்போக அந்த வேகமே அழற்சியாகி நல்ல நரம்பையும் கெடுக்குமாம்.

"அப்போ அழற்சியும் இருக்கத்தான செய்யுது?" என்று அண்ணாச்சி விடவில்லை.

"இருக்கு. ஆனா அதை அடக்கினா நோய் நிக்குமான்னு இன்னும் தெரியலைங்க" என்றார் டாக்டர்.

போன வாரம் பார்த்தபோது அக்காவுக்குக் குரலே இல்லை. கண் எங்கேயோ இருந்தது. திடீரென்று உதடு மட்டும் அசைந்தது.

"என்னம்மா சொல்லுதா?" அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என் தறியில இழை அறுந்துட்டாம் அண்ணாச்சி" என்றேன்.

என் தறியில் இழை அறுந்தால் எனக்கு முன்னால் அவர்தான் பார்த்துச் சொல்வார், எப்போதும்.

அண்ணாச்சி சிரித்துவிட்டார். எத்தனை நாள் கழித்தோ. "அப்போ போயி முடிச்சுப் போடும்மா. இல்லைன்னா விடமாட்டா."

அவ்வளவு அழிந்த மூளைக்குள் என் தறி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது...

இழையை முடிந்துவிட்டேன் அக்கா. போய் வாருங்கள்.