அக்காவின் கணக்கில் என் சம்பளம்

ஒரகடத்தில் நான் வேலை பார்த்த கம்பெனியில், பாகங்கள் பூட்டும் லைனுக்குள் போன் கொண்டுபோக முடியாது. சம்பளமோ நாங்கள் லைனில் நிற்கும்போதுதான் கணக்கில் ஏறும். காலையில் ஏறியதை மதியத்துக்குள் வங்கி கடனுக்கு வழித்துக்கொள்ளும். புருஷன் வாங்கிய வண்டிக் கடனுக்கு நானும் கையெழுத்துப் போட்டிருந்தேன். அவன் அந்த வண்டியிலேயே இன்னொருத்தியை ஏற்றிக்கொண்டு போய்விட்டான். தவணை மட்டும் என்னோடு குடும்பம் நடத்தியது.

மண்ணூரில் நாங்கள் தங்கியிருந்த அறையில் இதற்கு ஒரு ஏற்பாடு இருந்தது. பகல் ஷிப்டுக்குப் போகிறவர்கள் சம்பள நாளில் போனை அறையிலேயே விட்டு, ரகசிய எண்ணையும் சொல்லிவிட்டுப் போவோம். நைட் ஷிப்ட் முடித்து வந்த வந்தவாசி அக்கா தூங்காமல் எல்லாப் போனையும் முன்னால் பரப்பிக்கொண்டு உட்காருவாள். மெசேஜ் வந்ததும் பணத்தைத் தன் கணக்குக்குத் தள்ளிவிடுவாள். ஒருத்தி குடிகார அப்பனிடமிருந்து ஒளித்தாள், இன்னொருத்தி அண்ணனிடமிருந்து. நான் வங்கியிடமிருந்து.

திருநெல்வேலிப் பக்கம் மாமியாரிடம் இருந்த என் மகளைக் கூட்டிவரத்தான் அந்தக் காசு. அறையில் பிள்ளைகளைச் சேர்க்கமாட்டார்கள். அதனால் அதே தெருவில் ஒரு வீடு பேசி முடித்திருந்தேன். சம்பளம் வந்ததும் அட்வான்ஸ் தருவதாக வீட்டுக்காரரிடம் சொல்லியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று மகளிடமும் சொல்லியாயிற்று.

அந்தச் சம்பள நாளில், எங்கள் பணமெல்லாம் போய்ச் சேர்ந்த பிறகு அக்காவின் கணக்கை வங்கி முடக்கியது. மாதாமாதம் இத்தனை பேர் பணம் போடுகிற கணக்கு மோசடிக்காரர்களுடையதாக இருக்குமாம். கம்பெனி எங்கள் எல்லாருக்கும் ஒரே வங்கியில் கணக்கு திறந்திருந்தது. வண்டிக் கடனும் அங்கேதான். மறுநாள் லீவு போட்டு எல்லாரும் ஒன்றாகப் போய் நின்றோம்.

மேனேஜர் நல்ல மனுஷர்தான். எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "எது யார் பணம்னு எல்லாரும் எழுதிக் கையெழுத்துப் போட்டாத்தான் கணக்கைத் திறப்போம். உங்க பணம்னு நீங்க எழுதினா, அதை உங்க பாக்கிக்கு எடுத்துக்குவோம்மா."

மற்றவர்கள் அங்கேயே போட்டுவிட்டார்கள். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"இன்னாடி யோசிச்சிகினு கீற? உன் ஒருத்தியால எங்க துட்டு மொத்தமும் மாட்டிகினு கீது" என்றாள் அக்கா.

"அது எம் பிள்ளையக் கூட்டிட்டு வாரதுக்கு வச்சிருக்க காசுக்கா."

"எங்களுக்கு மட்டும் புள்ள குட்டி இல்லியா? போட்டுத் தொல."

அவளை அறையலாம் போலிருந்தது. அவள் சொன்னது நியாயம் என்பதால் ஆத்திரம் இன்னும் கூடியது. போட்டுத் தொலைத்தேன்.

சாயங்காலத்துக்குள் எல்லாருக்கும் பணம் திரும்பியது. எனக்கு மட்டும், பாக்கி குறைந்ததற்கு நன்றி சொல்லி ஒரு மெசேஜ் வந்தது. வங்கிக்கு மரியாதை தெரியும். ஸ்ரீபெரும்புதூரில் பிரியாணி வாங்கித் தின்றவர்கள் எனக்கும் ஒரு பொட்டலம் கொண்டுவந்தார்கள். பசித்தது, தின்றேன். வீட்டை வேறு ஆளுக்குப் பேசிவிட்டதாக வீட்டுக்காரர் மறுநாள் சொன்னார்.

சனிக்கிழமை மாமியாருக்குப் போன் செய்து, இந்த மாதம் வர முடியாது என்றேன். அவள் உடனே ஸ்பீக்கரில் போட்டாள்.

"கேட்டியாட்டி, ஒங்கம்ம வரலையாம். ஒன்னக் கூட்டிட்டுப் போயி வச்சுக்க அவளுக்கு வழியில்லையாம். நல்லாக் கேட்டுக்கோ."

மகள் அழவில்லை. "நான் துணியெல்லாம் பையில எடுத்து வச்சிட்டேனே, ஆச்சி" என்றாள், என்னிடம் அல்ல, அவளிடம்.

"எடுத்து வெளிய வையி. எனக்குப் பை வேணும்."

போனை மாமியார் அணைக்கவில்லை. மகள் ஒவ்வொரு துணியாக எடுத்து வைத்து முடிக்கும்வரை நானும் அணைக்கவில்லை.