ஓடை மீன் வேண்டாம் என்றவர்

தமிழ் பேசும் தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்று எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த காலம். பனச்சமூட்டுக்குப் பக்கத்தில்தான் அப்போது எங்கள் வீடு. போலீஸுக்குப் பயந்து என் வீட்டுக்காரர் உறவினர் வீட்டில் ஒதுங்கியிருந்தார். பஸ் இல்லை, சந்தை இல்லை. கடல் மீன் கண்ணில் பட்டு எத்தனையோ நாளாயிற்று. மரச்சீனிக் கிழங்கும் மிளகாயும் மட்டுமே தின்று என் சின்ன மகள் வாடிப்போயிருந்தாள்.

ஒரு நாள் காலையில் எங்கள் ஓடையில் மீன்கள் வெள்ளை வெள்ளையாக மிதந்து வந்தன. யாரும் திகைக்கவில்லை. மலைமேல் இருக்கும் பழங்குடிகளான காணிக்காரர்கள் கோடையில் ஒரு காட்டுக் காயை இடித்துத் தண்ணீரில் கலக்குவார்கள். நஞ்சு கலக்குவது என்று அதற்குப் பெயர். மீன் மயங்கி மிதக்கும், தின்பவருக்கு ஒன்றும் செய்யாது. அவர்கள் பிடித்தது போக மிச்சம் எங்களுக்கு வரும். பசித்தவர்களுக்குக் கர்த்தர் வானத்திலிருந்து மன்னா அனுப்பினார் என்றே நினைத்து நானும் அள்ளி வந்து குழம்பு வைத்தேன்.

மகள் தட்டின் முன்னால் உட்கார்ந்த நேரம், வெளியே சத்தம். எட்டிப் பார்த்தேன். காணிக்காரர் ஒருவர் மூச்சு வாங்க நின்றார், முழங்காலெல்லாம் ரத்தம். ஊர்க்காவல் நின்ற வாலிபர்கள் அவரை வளைத்திருந்தார்கள்.

"மீன் தின்னாண்டாம்! ஆரும் தின்னாண்டாம்!" என்று கத்தினார் அவர்.

"ஏம்லே, மொத்தமும் உனக்காக்கும் வேணும்?" என்றான் ஒருவன்.

"போலீஸு அனுப்பின ஆளாக்கும். இனி மீன் தின்னவும் தடையா?" என்றான் இன்னொருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

"நாங்க நஞ்சு கலக்கல்ல மக்கா. மேல ரப்பர் தோட்டத்துல மரத்துக்குப் பூசுத மருந்து டின்னை ஓடையில கழுவியிருக்கு. எனக்க பிள்ளை விடியக்காலம் தின்னுட்டு, இப்ப வாந்தி எடுத்துக் கிடக்கு."

சிரிப்பு நின்றது. நான் உள்ளே ஓடி மகள் கையிலிருந்த, குழம்பு பிசைந்த உருண்டையைத் தட்டிவிட்டேன். வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஸ்தோத்திரம்.

அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து கேட்டேன்: "பிள்ளையை அப்படிப் போட்டுட்டா வந்தீரு?"

"அவளுக்க அம்மை கூட உண்டு. உங்களுக்குச் சொல்ல ஆரு உண்டு?"

குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். நின்றபடியே குடித்தார். "கீழயும் வீடு உண்டுல்லா, வாறேன்" என்று ஓடைக்கரையிலேயே ஓடினார். கேலி பேசிய வாலிபர்களும் அவர் பின்னால் ஓடினார்கள்.

குழம்பைக் குழி தோண்டிப் புதைத்தேன். எங்கள் ஊரில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த மருந்தில் பாதரசம் உண்டு என்று பிற்பாடு ஒரு கம்பவுண்டர் சொன்னார்.

போராட்டச் சூடு தணிந்து வீட்டுக்காரர் திரும்பி வந்ததும், நாங்கள் இருவரும் மகளை அயல்வீட்டில் விட்டுவிட்டு அந்தக் காணிக்காரரைத் தேடி மலையேறினோம். என்ன கேள்விப்படப் போகிறோமோ என்று வழியெல்லாம் ஜெபித்தேன். குடிசை வாசலில் அவருடைய மகள் உட்கார்ந்திருந்தாள். அந்த மருந்தின் விஷத்தால் கைகள் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தன, ஆனால் பிழைத்துவிட்டாள். நான் வாய் திறக்கும் முன்னே அவர் எழுந்து வந்து கேட்டார்: "பிள்ளைக்குச் சொகந்தானா, அம்மே?"

தன் பிள்ளை உயிருக்குப் போராடும்போதும் முகம் தெரியாத பிள்ளைகளுக்காக ஓட ஒரு மனிதனால் முடியும் என்பதைக் கண்ணால் கண்டவள் நான். அதனால்தான் என் பிள்ளைகளுக்காக ஜெபிக்கும்போது அவருடைய மகளின் பெயரையும் சேர்க்காமல் இன்றுவரை என்னால் ஆமென் சொல்ல முடிவதில்லை.