நசீர் பாய் மூடியைச் சரியாகத்தான் முறுக்கினார்

சென்ற வெள்ளிக்கிழமை ஆம்பூர் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தபோது நம் டேனரியின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. நசீர் பாய் மாரடைப்பில் போய்விட்டார். வரிசையாக இரங்கல்கள். நடுவே ஒருவர், "நல்ல மனுஷன். ஒரு மூடிய முறுக்க மறந்து கையக் கெடுத்துக்கிட்டாரு, பாவம்" என்று எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு நான் போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும். தோலைத் தரம் பிரிக்கும் மேசையில் பாய் கண்ணைவிட விரலைத்தான் நம்புவார். ஒரு தடவு தடவிவிட்டு, "இந்த மாடு முள்வேலில உரசியிருக்கு" என்பார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் கீறல் இருக்கும். தோலுக்குப் பூச்சு அடிக்கும் பிரிவில் இருந்த என்னை, "நீ எவ்ளோ பவுடர் பூசினாலும் எங்கிட்ட மறைக்க முடியாதுப்பா" என்று சீண்டிக்கொண்டே இருப்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நாலு பேர் ஜவ்வாது மலை ஏறுவது வழக்கம். அங்கே டீ போடுவதற்காக, வாணியம்பாடி காயலான் கடையிலிருந்து பாய் ஒரு பழைய பித்தளை ஸ்டவ் வாங்கிவந்தார். பம்ப் அடித்து மண்ணெண்ணெயில் எரிப்பது, தோள்பைக்குள் அடங்கிவிடும். ஆனால் அதில் காற்று நிற்கவில்லை. அவரே பர்னரைக் கழற்றி, கரி அடைத்த துளையை ஊசியால் குத்தி எடுத்தார். பம்புக்குள் காய்ந்து கிடந்த வாஷருக்குப் பதில் கெட்டித் தோலில் புதிதாக வெட்டி, எண்ணெயில் ஊறவைத்துப் போட்டார். எண்ணெய் ஊற்றும் மூடியின் வாஷரை மட்டும் என்னிடம் விட்டார். "காத்துக்குத் தோலு, எண்ணெய்க்கு ரப்பரு. மறந்துடாத" என்றார்.

நான் மறக்கவில்லை. ரப்பர் தேடிப் போகச் சோம்பல். அதோடு தோல்காரனின் திமிர் வேறு. தோலால் ஆகாதது உண்டா என்ன? மேசையில் கிடந்த கறுப்பு ஷூ தோலின் மாதிரித் துண்டில் வட்டமாக வெட்டி மாட்டினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. பாய் அதைத் தொட்டுப் பார்க்கவில்லை. என்னை நம்பினார்.

மலையில் டீ கொதித்துக்கொண்டிருந்தபோது, மண்ணெண்ணெய் பட்டு ஊறிய தோலின் பூச்சு உரிந்துவிட்டது. மூடி வழியாக எண்ணெய் பீறிட்டுத் தீப்பிடித்தது. சுற்றிலும் காய்ந்த புல். பாய் எரிகிற ஸ்டவ்வை வெறுங்கையால் தூக்கிப் பாறை மேல் எறிந்தார். தீ அடங்கியதும் இடது கையால் மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஓடிவந்த மற்ற இருவரிடமும், "நான்தான் மூடிய சரியா முறுக்கல" என்றார்.

வலக்கைப் புண் ஆறியது. விரல்களில் உணர்ச்சி திரும்பவில்லை. அவரைக் குடோனில் அட்டைப்பெட்டி ஒட்டப் போட்டார்கள். ஒருநாள் அங்கே போய், "எல்லார்கிட்டயும் சொல்லிடறேன் பாய்" என்றேன். "சொன்னா விரலு வந்துடுமா? பேஜார் பண்ணாத, வா, டீ குடிக்கலாம்" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை எழுதவே கூசுகிறது.

நேற்று அவர் மகள் ஷாஹினாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முகம் மாறவேயில்லை.

"தெரியும் அங்கிள். அப்பா சொல்லியிருக்காரு. நீங்களா வந்து சொல்ற வரைக்கும் நான் வாயத் தொறக்கக் கூடாதுன்னுட்டாரு. ஒவ்வொரு பெருநாளுக்கும் நீங்க வந்து சாப்ட்டுப் போனதும், 'இந்த வாட்டியும் சொல்லல பாரு'ன்னு சிரிப்பாரு. போன பெருநாளுக்குச் சிரிக்கல."

நண்பர்களே, பாயிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தப் பெருநாள்தான். அன்று அவர் அதிகம் பேசவில்லை. உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இன்னும் ஒரு கரண்டி பிரியாணி கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பினேன்.