மரத்துக்குத் தண்ணி, மோட்டாருக்குக் கரண்ட்

இன்னைக்குக் காலையில செம்மங்குப்பத்துல எங்க தெருவுல மின்சாரக் கம்பெனிக்காரங்க வந்து மரக்கன்னு நட்டாங்க. மகளிர் குழு சார்பா நாங்களும் கூட நின்னோம். 'மக்களோடு கைகோத்துப் பசுமை காப்போம்'னு பெரிய பேனர் வேற.

நட்டு முடிச்சு போட்டோவும் எடுத்தாச்சு. வந்திருந்த அதிகாரி, "தினமும் தண்ணி ஊத்துங்கம்மா"ன்னாரு.

"மோட்டார் ஓடணுமே சார்? விடிஞ்சதுலேருந்து கரண்ட் இல்ல"ன்னேன்.

"அது வேற டிபார்ட்மென்ட்மா."

எங்க குழுத் தலைவி ஸ்டெல்லா அக்காவுக்கு வந்துச்சே கோவம்! கைப்பம்புல அடிச்சு ஒரு குடத்த நிரப்பி, அவர் கையிலயே குடுத்துட்டாங்க. "கைகோக்கலாம், வாங்க சார்!"

பாவம், ரெண்டு குடம் சுமந்தாரு. மூணாவது குடத்தப் பாத்ததும் யாருக்கோ போன் போட்டாரு. பத்து நிமிஷத்துல மோட்டார் ஓடுது!

கரண்ட் இல்லாத ஊர்க்காரங்க எல்லாரும் உடனே மின்சாரக் கம்பெனிக்காரங்கள மரம் நடக் கூப்பிடுங்க.