ஜாய்ஸ்டிக் மாப்பிள்ளை

மவுஸா ஜாய்ஸ்டிக்கான்னு எங்க வீட்டுல ஒரு காலத்துல பெரிய சண்டை நடந்துச்சு. நான் மவுஸ் கட்சி. என் வீட்டுக்காரரு ஜாய்ஸ்டிக் கட்சி. கல்யாணமாகி மருதாணிச் செவப்புகூட நகத்தை விட்டுப் போகாத நேரம். கம்ப்யூட்டர் விளையாட்டுக்குப் போயி யாராச்சும் புருஷன் பொண்டாட்டி சண்டை போடுவாகளான்னு கேப்பீங்க. போட்டோம். எங்களுக்கு அந்த விளையாட்டுல சோறு இருந்துச்சு.

கீழக்கரைல எங்க வழக்கப்படி பொண்ணு புருஷன் வீட்டுக்குப் போறதில்ல, மாப்பிள்ளதான் பொண்ணு வீட்டுக்கு வருவாரு. வந்த மாப்பிள்ளைய உள்ளங்கைல வச்சுத் தாங்குறதுதான் வீட்டுல அத்தனை பேருக்கும் வேலை. கறில நல்ல துண்டு அவருக்கு. காத்து வர்ற ஜன்னலோரம் அவருக்கு. அவரு பேசுற பேச்சுக்குச் சிரிப்பு வரலைன்னாலும் சிரிக்கணும். என் உம்மா இந்த விஷயத்துல ஒரு சர்வாதிகாரி. மாப்பிள்ள தூங்குறாருன்னா தெருவுல மீன் விக்கிறவன் வாய்கூட மூடித்தான் இருக்கணும்.

அவரு சபர், அதான் வெளிநாட்டுச் சம்பாத்தியத்துக்குப் போயிருந்தவரு. அரபு நாட்டுல ஒரு துறைமுகத்துல லோடிங் வேலை. ஒரு நாள் சங்கிலி நழுவி வலது மணிக்கட்டு ஒடைஞ்சுபோச்சு. உள்ள தகடு வச்சுத் தச்சு, லீவு குடுத்து ஊருக்கு அனுப்பிட்டாங்க. அந்த லீவுலதான் எங்க நிக்காஹ். அவரோட சூப்பர்வைசர் நல்ல மனுஷன்போல. "தூக்குற வேலை இனி உனக்கு ஆகாது. திரும்பி வந்ததும் கிரேன் ஓட்டுற டெஸ்ட்டுக்கு உன் பேரக் குடுக்குறேன். கை அசைஞ்சா கிரேன்ல சீட்டு, அசையலைன்னா ஊருக்கு டிக்கெட்டு"ன்னு சொல்லி அனுப்பியிருந்தாரு. இதையெல்லாம் மறைக்காம கல்யாணத்துக்கு முந்தியே எங்க வீட்டுக்குச் சொல்லி அனுப்புனவரு என் வீட்டுக்காரரு. எனக்கு அவரப் புடிச்சதே அதனாலதான்.

சபர் போயிட்டு வந்தவுக பெட்டியத் திறந்தா எங்க வீடுகள்ல ஒரு வாசம் வரும். சென்ட்டு, சோப்பு, பால்பவுடர், தலைவலித் தைலம். அவரு பெட்டியத் திறந்தப்ப அதெல்லாமும் வந்துச்சு. கூடவே கறுப்பா, அடில ஒரு பீடமும் மேல ஒரு கைப்பிடியுமா ஒண்ணு வந்துச்சு. உம்மா அதத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "இது எந்த மாவு அரைக்க மாப்பிள்ள?"ன்னு கேட்டாக. அவருக்கு வெக்கமாப் போச்சு. "இல்ல மாமி, இது ஜாய்ஸ்டிக். கம்ப்யூட்டர்ல மாட்டி விளையாடுறது. கிரேன்லயும் இந்த மாதிரிதான் குச்சி இருக்கும். கை பழகட்டுமேன்னு வாங்குனேன்"னாரு. ராமநாதபுரத்துல எலும்பு டாக்டர்ட்ட கேட்டதுக்கு அவரும் தலையாட்டிட்டாரு. ஒரு ரப்பர் பந்து குடுத்து, "இதத் தினம் அமுக்குங்க, சுடுதண்ணில கைய வச்சுத் திருப்புங்க, அதோட அந்த விளையாட்டையும் விளையாடுங்க. வலிச்சாலும் விட்றாதீங்க"ன்னு சொல்லி அனுப்புனாரு.

விளையாட எடத்துக்குப் பஞ்சமில்ல. வீட்டு முன்கூடத்துலயே காக்கா, அதாவது என் அண்ணன், பிரவுசிங் சென்டர் வச்சிருந்துச்சு. செல்போன் எல்லார் கைக்கும் வராத காலம். சபர்ல இருக்குற புருஷன், மகன்கூடப் பேச வர்ற பொம்பளைகளுக்குக் காலைல தனி நேரம். அந்த நேரத்துக்கு நான்தான் பொறுப்பு. ஹெட்போன மாட்டிவிடுறது, கேமராவத் திருப்பிவிடுறது, மவுஸுக்கு அடில இருக்குற உருண்டையக் கழட்டி நகத்தால அழுக்கச் சொரண்டுறது எல்லாம் நான். ஆள் வராத நேரத்துல காக்காகூட ஆடி ஆடி நானும் பழகிட்டேன். தெருப் பயலுக எல்லாம் காக்காகிட்ட தோப்பாங்க, காக்கா என்கிட்ட தோக்கும். இது வெளில யாருக்கும் தெரியாது.

விளையாட்டு என்னன்னா, ஆளுக்கு ஒரு இரும்புப் பூதம். தென்னமரம் ஒசரம் இருக்கும். அது தலைக்குள்ள உக்காந்து நாமதான் ஓட்டுறோம்னு கணக்கு. கால் ஒரு பக்கம் நடக்கும், இடுப்புக்கு மேல வேற பக்கம் திரும்பிச் சுடும். அதுலதான் சூட்சுமமே. மவுஸ்னா இடது கை கீபோர்டுல கால நடத்தும், வலது கை குறி பாக்கும். இழுத்த எடத்துல குறி வெடுக்குனு போயி நிக்கும். ஜாய்ஸ்டிக்ல எல்லாத்துக்கும் அந்த ஒரே குச்சிதான். குச்சியச் சாய்ச்சா நடக்கும், கைப்பிடியத் திருகுனா உடம்பு திரும்பும். ஆனா திருகிப் புடிச்சுக்கிட்டே இருக்கணும். காக்கா மொத நாளே சொல்லுச்சு, "மச்சான், இதுக்கு மவுஸ்தான் லாயக்கு. குச்சிய வச்சுக்கிட்டு மவுஸ்காரன்கிட்ட போனா செதச்சிருவான்." இவரு, "இருக்கட்டும், நான் குச்சியவே பழகுறேன்"னாரு.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு ஷட்டர எறக்குனா சாயங்காலம் வரைக்கும் சென்டர் எங்க வீட்டு ஆளுகளுக்குத்தான். ரெண்டு கம்ப்யூட்டர ஒயர் போட்டு இணைச்சு அவரும் காக்காவும் உக்காந்தாங்க. அவரு ஜெயிச்சுட்டாரு. திரும்ப ஆடுனாங்க, திரும்பவும் அவருதான். பக்கத்து வீட்டுப் பயலுக வந்தாங்க, அவனுகளும் அவுட்டு. உம்மா பூரிச்சுப்போயி, "மாஷா அல்லாஹ், எங்க மாப்பிள்ளைக்குக் குச்சியே போதும்"னு தெரு முழுக்கச் சொல்லிட்டாக. அடுத்தடுத்த வாரமும் அதே கதைதான்.

ரப்பர் பந்து பீரோவுக்கு மேல போயிருச்சு. சுடுதண்ணி வச்சுக் குடுத்தா, "எதுக்கு? கைதான் சரியாயிருச்சே, நீயே பாக்குறேல்ல?"ம்பாரு. மனுஷன் மொகத்துல அப்படி ஒரு தெளிச்சி. பாக்க எனக்கும் சந்தோசமாத்தான் இருந்துச்சு. ஆனா உள்ள என்னமோ ஒதைச்சுது. தெருவையே நொறுக்குற காக்கா எப்படி இவருகிட்ட தோக்கும்?

ஒரு வெள்ளிக்கிழமை பின்னாடி நின்னு பாத்தேன். காக்காவோட பூதம் நடு மைதானத்துல கரண்டு கம்பம் மாதிரி நட்டுக்க நிக்கிது. அவரு ஆற அமர வந்து சுட்டுட்டுப் போறாரு. காக்காவ அடுப்படிக்கு இழுத்துட்டுப் போயி, "என்ன நாடகம் இது?"ன்னு கேட்டேன்.

"நான் என்ன பண்ண? 'ஏலே, மாப்பிள்ள மொகம் வாடுச்சு, அன்னைக்கு ஒனக்குச் சோறு கிடையாது'ன்னு உம்மா சொல்லிட்டாக. பயலுகளுக்கும் சொல்லி வச்சிருக்காக."

உம்மாட்ட போனேன். அவுக கொஞ்சமாச்சும் வெக்கப்படணுமே! "நம்ம வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைய நம்ம புள்ளைகளே தோக்கடிச்சா நல்லாவா இருக்கும்? அடிபட்டு வந்த புள்ள. நாலு நாளு சந்தோசமா இருந்துட்டுப் போகட்டுமேடி"ன்னாக.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. நாலு நாளு சந்தோசமாம்! அங்கன போயி டெஸ்ட்டுல குச்சியப் புடிக்கிறப்ப உம்மாவா வந்து பின்னாடி நிப்பாக? புரோட்டாவப் பிய்க்க முடியாம அப்படியே மடிச்சு வாயில வைக்கிறத நான்தானே பக்கத்துல உக்காந்து பாக்குறேன். சட்டைப் பொத்தானப் போடுறப்ப பல்லக் கடிக்கிறதும் எனக்குத்தான் தெரியும். ஆனா வாயால சொன்னா நம்புவாரா? ஜெயிச்சுக்கிட்டே இருக்குற மனுஷன்கிட்டப் போயி உங்க கை சரியில்லன்னு எப்படிச் சொல்றது? ஆடித்தான் காட்டணும்னு முடிவு பண்ணிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை காக்காவ எந்திரிக்கச் சொல்லிட்டு நான் உக்காந்தேன். அவரு சிரிச்சாரு. "நீயா? சரி, மெதுவா ஆடுறேன்"னாரு. மெதுவாவா! உருண்டையத் தொடச்சு மாட்டி பிஸ்மி சொல்லி ஆரம்பிச்சேன். அவரு பூதம் இடது பக்கம் நல்லாவே திரும்புச்சு. வலது பக்கம் பாக்கணும்னா மட்டும் காலோட சேத்து மொத்த உடம்பும் சுத்தி வந்துச்சு. கைப்பிடிய வலதுக்குத் திருக அந்த மணிக்கட்டு ஒத்துக்கல. பின்னாடி நின்னப்பவே நான் அதப் பாத்து வச்சிருந்தேன். சுத்திப் போயி வலது பக்கமா அடிச்சேன். விழுந்துருச்சு. "இன்னொண்ணு"ன்னாரு. திரும்பவும் வலது பக்கம். "இன்னொண்ணு." மறுபடியும் வலது பக்கம். அதுக்கப்புறம் அவரு குச்சிய விட்டுட்டுக் கையத் தொடைக்கு அடில வச்சுக்கிட்டாரு.

உம்மா நெலப்படில நின்னு நெஞ்சுல கை வச்சுக்கிட்டாக. "அடிப்பாவி! புருஷனத் தோக்கடிக்கிற பொண்ண எங்கயாச்சும் கண்டதுண்டா?"

அவரு செருப்ப மாட்டிக்கிட்டுக் கடற்கரைப் பக்கம் போயிட்டாரு. உம்மா ஒரு மூலைல அழுகை, காக்கா ஒரு பக்கம் மொறைப்பு. நம்பி வந்த மனுஷன வெரட்டிவிட்டுட்டேனோன்னு பயந்து போயிட்டேன். பொழுது சாஞ்சு மஃரிபு தொழுதுட்டுத்தான் வந்தாரு. நேரா என்கிட்ட வந்தாரு.

"வலது பக்கமே வந்தியே, தெரிஞ்சுதான் வந்தியா?"

"தெரிஞ்சுதான்."

"அப்ப இத்தனை நாளும் உன் காக்கா? அந்தப் பயலுக?"

"உம்மா சொல்லி விட்டுக்குடுத்தாங்க மச்சான்."

சட்டைக் கையச் சுருட்டி மணிக்கட்டத் தடவிப் பாத்தாரு. அப்புறம், "அந்தப் பந்து எங்க?"ன்னாரு. பீரோ மேல இருந்து எடுத்துக் குடுத்தேன்.

காக்காவுக்கு மனசு கேக்கல. மறுநாள் வந்து, "மச்சான், மவுஸ்ல ஆடிப் பாருங்க. மணிக்கட்டத் திருகவே வேணாம், லேசா இழுத்தாப் போதும்"னுச்சு. ஆடுனாரு. கொஞ்ச நாள்லயே காக்காவ ஒழுங்கா ஜெயிச்சும் காட்டுனாரு. இந்தத் தடவ யாரும் விட்டுக்குடுக்கல. மவுஸ் அப்படித்தான், வலிக்காம ஜெயிக்க வச்சுரும். அதனாலதான் நான் அந்தக் கட்சி. ஜெயிச்ச ருசில குச்சிய ஓரமா வச்சுட்டாரு. வீட்டுல பழையபடி சிரிப்பு, பழையபடி நல்ல துண்டு. நான்தான் வில்லி மாதிரி போயி நின்னேன்.

"துறைமுகத்துல கிரேனுக்கு மவுஸ் மாட்டிட்டாங்களா மச்சான்?"

அவரு என்னை நிமிந்து பாக்கல. "வலிக்குதுடி"ன்னாரு.

அதுவரைக்கும் அந்த வார்த்தைய அவரு யார்கிட்டயும் சொன்னதில்ல, டாக்டர்கிட்டகூட. ஆனாலும் நான் விடல. "வலிக்கட்டும். நான் பக்கத்துல உக்காந்திருக்கேன்ல"ன்னேன். மவுஸ ஒதுக்கிட்டுக் குச்சிய எடுத்துச் சொருகுனாரு.

அதுக்கப்புறம் தினம் விடியக்காலைல சுபுஹு தொழுததும், பொம்பளைக வர்ற நேரத்துக்கு முந்தி, நாங்க ரெண்டு பேரும்தான். அவருக்குக் குச்சி, எனக்கு மவுஸ். நான் வலது பக்கத்துல இருந்து மட்டும்தான் வருவேன், அதுதான் பேச்சு. அவரு திருகுவாரு, பாதில நின்னுரும், நான் அடிப்பேன். பக்கத்துல வாளில சுடுதண்ணி. உச்சிப்புளி நேவி தளத்துல இருந்து ஹெலிகாப்டர் வந்து ஷட்டர் அதிர்ந்தாலும் நாங்க திரும்பிப் பாக்க மாட்டோம். வலில கெட்ட வார்த்தை அவருக்கு வாய் வரைக்கும் வரும், அஸ்தஃபிருல்லாஹ்னு முழுங்கிருவாரு. நாங்க ரெண்டு பேரும் மனசுவிட்டுப் பேசப் பழகுனதும் அங்கனதான். ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாத்தா வந்த வெக்கம், ரெண்டு பேர் கண்ணும் ஸ்கிரீன்ல இருந்தா வரல. அவரு சின்ன வயசுல திருப்புல்லாணிக்கு சைக்கிள் மிதிச்சுப் போயி மாங்கா திருடுன கதையெல்லாம் நான் சுட்டுக்கிட்டே கேட்டதுதான்.

உம்மாவுக்கு மட்டும் மனசு ஆறல. டீயோட வந்து பின்னாடி நின்னுக்கிட்டு, "மாப்பிள்ள, வலது பக்கம் வாரா! வாரா!"ன்னு கத்திக் காட்டிக்குடுப்பாக. பெத்த மகளையே! "மாமி, சொல்லாதீங்க மாமி, நானே பாத்துக்கிறேன்"னு அவரு கெஞ்சுவாரு.

லீவு முடியப்போற வாரம். நான் வழக்கம்போல ஒரு கட்டடத்துக்குப் பின்னாடி பதுங்கி வலது பக்கமா வெளில வந்தேன். அவரு பூதத்தோட கால் நேராப் போய்க்கிட்டிருக்கு, இடுப்புக்கு மேல மட்டும் முழுசாத் திரும்பி என்னையே பாத்துக்கிட்டிருக்கு. எனக்குப் புரியிறதுக்குள்ள என் ஸ்கிரீன் செவந்து அணைஞ்சுபோச்சு.

அவரு குதிக்கல, கத்தல. மெதுவா என் பக்கம் திரும்பி, "விட்டுக்குடுத்தியா?"ன்னு கேட்டாரு.

வந்துச்சு பாருங்க எனக்குக் கோவம். "விட்டுக்குடுக்கவா? நானா? அல்லாஹ்மேல சத்தியமா இல்ல! இன்னொண்ணு ஆடுங்க, செதச்சிருறேன்!" கண்ணுல தண்ணி வேற. என் கோவத்தப் பாத்துத்தான் அவருக்கு நம்பிக்கையே வந்துச்சு. சிரிக்க ஆரம்பிச்சவரு நிறுத்தவே இல்ல. அடுப்படியப் பாத்து, "மாமி, உங்க மக நெசமாவே தோத்துட்டா!"ன்னு கூவுனாரு. அடுத்த ஆட்டம் நான்தான் ஜெயிச்சேன், அது வேற விஷயம்.

அவரு போனப்புறம் டெஸ்ட்டு எப்பன்னு தெரியாம இங்கன நாங்க தவிச்சுப் போயிட்டோம். உம்மா நோன்பெல்லாம் நேந்துக்கிட்டாக. ஒரு மத்தியானம் சென்டருக்குப் போன் வந்துச்சு. ஆளுக நிறைய இருந்தாங்க, காக்கா என்னைக் கூப்புட்டுக் குடுத்துச்சு.

"கன்டெய்னர் பெட்டியத் தூக்கி லாரில எறக்கச் சொன்னாங்க"ன்னாரு. "இடது பக்கம் நின்ன லாரில நல்லா எறக்கிட்டேன். வலது பக்கம் எறக்குறப்ப கை ஒரு தடவ நடுங்கிருச்சு. பெட்டி லாரி ஓரத்துல இடிச்சு ஒக்காந்துச்சு."

"அப்புறம்?"

"டெஸ்ட்டு எடுத்தவன் நல்லவன். என் கைத் தழும்பப் பாத்துட்டு, பரவால்ல, போதும், பாஸ் போட்டுர்றேன்னான்."

"அல்ஹம்துலில்லாஹ்!"

"இரு. நான் ஒத்துக்கல. வலது பக்கம் இன்னொரு தடவ வைக்க விடுங்கன்னு கேட்டேன்."

"பைத்தியமா உங்களுக்கு? அவன்தான் பாஸுன்னு சொல்லிட்டான்ல! திரும்ப நடுங்கியிருந்தா?" போனுக்குள்ள கைய விட்டு அவரு சட்டையப் புடிக்கணும்போல இருந்துச்சு எனக்கு.

"நீ கத்துவேன்னு தெரியும்"னாரு. "பெட்டியத் திரும்பத் தூக்குனேன். வலது பக்கம் கொண்டு போனேன். வச்சேன். ஒக்காந்த சத்தமே கேக்கலடி."

நான் ஓன்னு அழுதுட்டேன். சென்டர்ல இருந்தவுக எல்லாரும் திரும்பிப் பாத்தாக. பாத்தாப் பாக்கட்டும்னு இன்னும் நல்லா அழுதேன்.