மல்லாட்டைத் தோல்

அன்று நான் ஏன் தலையாட்டினேன்? இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை.

என் மகளுக்கு இரண்டரை வயது. பிறந்ததிலிருந்தே விழுங்குவதில் சிக்கல். தண்ணீர்கூடப் புரையேறும். விழுப்புரத்தில் விழுங்கும் பயிற்சி தருகிற டாக்டரம்மா சொன்னபடி, தண்ணீரையும் கெட்டியாக்கித்தான் கொடுக்கிறேன். நிமிர்ந்து உட்காரவைத்து, அரை ஸ்பூன். தொண்டை ஏறி இறங்கும்வரை காத்திருந்து, அடுத்த அரை ஸ்பூன். ஒரு வேளைக்கு ஒரு மணி நேரமாகிறது. அவள் விழுங்கும்போதெல்லாம் நானும் விழுங்குகிறேன், வெறும் எச்சிலை. என் தட்டில் சோறு காய்ந்துகொண்டிருக்கும்.

போன வருடம் திண்டிவனத்திலிருந்து வந்த என் நாத்தனார் இதைப் பார்த்தார்.

"இன்னாம்மா, புள்ள இப்படி எளச்சிக்கினே போவுது? இது தொக்கம். தொண்டையில எதுவோ மாட்டிக்கினு இருக்குது. எங்க தெருவுலயே எடுக்கறாங்க, ஒரு நிமிஷ வேலை. நீ இன்னாடான்னா படிச்சிட்டு ஸ்பூன எண்ணிக்கினு இருக்கற."

மாட்டேன் என்றால் திமிர் என்பார்கள். அதைவிட, ஒருவேளை அவர் சொல்வது சரியாக இருந்துவிட்டால்? மகளைத் தூக்கிக்கொண்டு திண்டிவனம் போனேன்.

தொக்கம் எடுக்கிற அம்மாள் மகளின் தொண்டையில் சின்னக் குழாய் ஒன்றை வைத்து உறிஞ்சி, வெற்றிலையில் துப்பிக் காட்டினார். சிவப்பாக, ஒரு துண்டு மல்லாட்டைத் தோல், அதாவது வேர்க்கடலைத் தோல்.

"மல்லாட்டை குடுத்தியா?" என்றார் நாத்தனார். அங்கிருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் மகள் மல்லாட்டையை ஒருநாளும் வாயில் வைத்ததில்லை. நான் தலையாட்டினேன்.

அடைப்புதான் போய்விட்டதே என்று அன்று மதியம் நாத்தனார் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினார். வாங்கி ஊட்டியது நான்தான். மூச்சுத் திணறி, மகளின் உதடு நீலமாகிவிட்டது. ஊருக்குத் திரும்பும் பஸ் விக்கிரவாண்டியைத் தாண்டும்போது அவள் உடம்பு கொதித்தது. நுரையீரலுக்குள் தண்ணீர் போயிருக்கிறது என்று சொல்லி ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள்.

போன வாரம் நாத்தனார் போன் செய்தார். அவர் பேத்திக்குக் காதுகுத்து.

"வந்தீன்னா இன்னொரு தபா தொக்கம் எடுத்துக்கினு போயிடலாம்."

"இல்லீங்க அண்ணி. எடுக்கமாட்டேன்."

"அப்ப பட்டினி போட்டே வளக்கப்போறியா?"

"நான் ஊட்டிக்கினுதான் இருக்கறேன். அவ மல்லாட்டை தின்னதே இல்ல அண்ணி. அந்தத் தோலு பொய்."

"அன்னிக்கு மண்டைய ஆட்டனியே?"

"ஆட்டனேன். அது என் தப்பு. இனிமே அவ வாயில யாரும் எதுவும் வெக்கக்கூடாதுங்க. நீங்களும்தான்."

போனை வைத்தேன். அதிகமாகப் பேசிவிட்டேனோ என்று யோசித்தேன். அவரும் என் மகள்மேல் பிரியம் உள்ளவர்தான். ஆனால் சொன்னதை நான் திரும்ப எடுத்துக்கொள்ளப்போவதில்லை.

காதுகுத்துக்குப் போகிறேன். டப்பாவில் கேப்பைக் கூழ், அவளுடைய ஸ்பூன், அவளுடைய நாற்காலி, எல்லாவற்றோடும் போய்ப் பந்தியிலேயே உட்கார்ந்து ஊட்டுவேன். பயமெல்லாம், நான் கைகழுவப் போகிற அந்த இரண்டு நிமிடம்தான். யாராவது ஆசையாக ஒரு துண்டு லட்டைக் கிள்ளி அவள் வாயில் வைத்துவிடுவார்கள்.

இப்படி ஒரு பிள்ளையோடு விசேஷ வீடுகளுக்குப் போய்வந்தவர்கள் எனக்கு எழுதுங்கள். பிரியத்தோடு நீளும் கையை என்ன சொல்லித் தடுத்தீர்கள்? போகாமல் வீட்டிலேயே இரு என்று மட்டும் சொல்லாதீர்கள்.