ஆவி என்று சொல்லப்பட்ட புகை

பெரிய மனிதர்களுக்கு ஒரு கொள்கை இருந்தாக வேண்டும். கண்ணாடிக்கடைக்காரருடைய கொள்கை, பொதுத்தோட்டத்துக்குள் குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டுகூட நுழையக்கூடாது என்பது. ஊரில் பாதிப்பேர் மூக்கில் கண்ணாடி மாட்டிவிட்டவர் அவர். மீதிப்பேர் கையில் மண்வெட்டி கொடுத்தவரும் அவரே. லாரிகள் நின்று பாழான காலிமனையை நகராட்சியிடம் கெஞ்சி வாங்கி, அக்கம்பக்கத்துக் குடும்பங்களுக்குப் பாத்தி பிரித்துக் கொடுத்து, மழைநீர்த் தொட்டியும் கட்டினார். பல் தேய்க்கும்போது குழாயை மூட மறந்த மனைவியோடு ஒரு வாரம் பேசாமல் இருந்ததும் உண்டு. அந்த ஒரு வாரத்தைத் தன் இல்லறத்தின் பொற்காலம் என்று அந்த அம்மாள் இன்றும் குறிப்பிடுகிறார்.

மற்றவர்கள் கத்தரி வளர்த்தார்கள், தக்காளி வளர்த்தார்கள். அவர் உரக்குவியல் வளர்த்தார். காலையில் கடை திறக்கும் முன் வந்து, மட்கும் குப்பைக்குள் முழங்கை வரை கையை விட்டுச் சூடு பார்ப்பார். பெற்ற பிள்ளையின் நெற்றியைக்கூட அவர் அத்தனை அக்கறையாகத் தொட்டதில்லை என்று வீட்டில் ஒரு புகார் நிலுவையில் இருக்கிறது.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. தொட்டியில் சேறுதான் மிச்சம். மனையின் அனுமதியும் முடிந்துவிட்டது. அதைக் கார் நிறுத்துமிடமாக்கச் சொல்லி ஒருவர் மனு கொடுத்திருந்தார். அந்த ஒருவர் வேறு யாருமல்ல, மதிலுக்கு அந்தப்பக்கம் குடியிருக்கும் கண்ணாடிக்கடைக்காரரின் சொந்த மைத்துனர், மனைவியின் தம்பிதான். தோட்டத்தைப் பார்த்து முடிவு சொல்ல நகராட்சி அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது.

அதிகாரியை அசத்திவிடுவது என்று கண்ணாடிக்கடைக்காரர் தீர்மானித்தார். மைதானத்தில் வெட்டிய புல், கோழிப்பண்ணைக் கழிவு, மரக்கடைத் தூள் என்று அகப்பட்டதையெல்லாம் ஏற்றி, குவியலைத் தன் தலைக்கு மேல் உயர்த்தினார். அதை நனைக்கத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் குழாயில்தான் இருந்தது. ஆகவே நனைக்காமலே தார்ப்பாயைப் போர்த்தி, கொள்கையைக் காப்பாற்றினார்.

அதிகாரி வரவேண்டிய காலையில் மனைவிதான் முதலில் பார்த்தார்.

"ஏங்க, குவியல்லேர்ந்து புகை வருது."

"அது ஆவி."

"ஆவிக்குக் கரிஞ்ச வாசனை வருமா?"

"உள்ள கோடிக்கணக்கான உயிர் வேலை செய்யுது. வேலை செஞ்சா வேர்க்காதா?"

"வேர்க்கும். கருகாது."

மதிலுக்கு மேலே மைத்துனரின் தலை எழும்பியது. கையில் கார் கழுவும் ரப்பர் குழாய்.

"என்ன அத்தான், உள்ள இருக்கிற உயிருங்க பீடி குடிக்குதுங்களா?"

"உன் வேலையப் பாருப்பா."

"அதான் பாத்துக்கிட்டிருக்கேன். என் கார் இந்த மதில ஒட்டித்தான் நிக்குது."

ஆவிதான் என்று நிரூபிக்க வேண்டிய கட்டாயம் வந்துவிட்டது. தார்ப்பாயைப் பிடுங்கி எறிந்து, மண்வெட்டியால் குவியலின் விலாவில் ஒரு பள்ளம் பறித்தார். இத்தனை நாள் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த நெருப்புக்கு அவரே ஜன்னல் திறந்துவிட்டார். உள்ளே ஏதோ சிவப்பாகக் கண் விழித்தது. மரத்தூள் சடசடத்தது. குவியலுக்கும் மதிலுக்கும் நடுவே பலகைக் கொட்டகை. அதற்குள் எல்லாக் குடும்பத்தின் விதைகளும் கருவிகளும் இருந்தன.

மனைவி போனை எடுத்தார். "தீயணைப்பு வண்டியக் கூப்பிடறேன்."

"வேண்டாம்! அது ஊரைக் கூட்டிக்கிட்டு வரும். அந்த அதிகாரியம்மா வர்ற நேரம், இன்னையோட தோட்டம் போச்சு."

தொட்டிக்கு ஓடினார். ஒரு வாளி சேற்றை அள்ளி வந்து வீசினார். நெருப்பு அதைப் பொருட்படுத்தவில்லை.

"தண்ணி இங்க இருக்கு அத்தான்," என்றார் மைத்துனர். "ஒரே ஒரு தடவை வாயத் தொறந்து கேளுங்க."

கண்ணாடிக்கடைக்காரர் குவியலைப் பார்த்தார், கொட்டகையைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடி கரி படிந்து எதுவும் சரியாகத் தெரியவில்லை. ஆனால் கொட்டகையின் அடிப்பலகை கறுப்பது மட்டும் தெரிந்தது.

"டேய், விளையாடற நேரமாடா இது?" என்று அக்கா கத்தினார்.

"விடு," என்றார் அவர் மனைவியிடம். பிறகு மதிலைப் பார்த்து, "தண்ணி குடுப்பா," என்றார்.

தண்ணீர் பாய்ந்தது. மேலே கொட்டியதெல்லாம் வழிந்தோடியது, உள்ளே இறங்கவில்லை. பிரித்துப் பிரித்து நனைக்க வேண்டியிருந்தது. அவர் இழுத்துப் போட, மனைவி பரப்ப, மதிலேறிக் குதித்த மைத்துனர் நனைத்தார். கொட்டகையில் ஒரு பலகை எரிந்து விழுந்தது. மண்வெட்டிக் காம்பு சுட்டது. மூவரும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே செய்தார்கள்; குடும்பத்தில் அத்தனை ஒற்றுமை அதற்கு முன் இருந்ததில்லை.

கடைசிச் சிவப்பு அணைந்தபோது, வாசல் கம்பிக்கதவருகே ஓர் அம்மாள் குடையோடு நின்றிருந்தார்.

"இங்க என்ன நடக்குது?"

மைத்துனர் ஆனந்தமாக முந்திக்கொண்டார். "தீ, மேடம்! அதுக்குத்தான் அன்னைக்கே மனு குடுத்தேன்."

கண்ணாடிக்கடைக்காரருக்கு 'ஆவி' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. கருகிய கொட்டகையைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆமாம்மா, தீதான்," என்றார். "நனைக்காம ஏத்தினேன். தப்பு என்னோடது. மத்தவங்க பாத்தியில ஒரு குறையும் இல்ல, அதையும் பாத்துட்டு முடிவு சொல்லுங்க."

அதிகாரி பாத்திகளைப் பார்த்தார். பிறகு குடை நுனியால் தரையைக் குத்தினார். மரத்தூளும் மட்கும் கலந்த கறுப்பு மண்ணிலிருந்து மெல்லிய புகை கிளம்பியது.

"அடியில இன்னும் கனியுதே. இது மேல பெட்ரோல் வண்டிங்கள நிறுத்தச் சொல்றீங்களா?" என்று மைத்துனரைக் கேட்டார். "நாளைக்கு ஒண்ணு வெடிச்சா யார் பதில் சொல்றது? நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

இப்படியாக, தோட்டத்தை எரிக்கப் பார்த்த நெருப்பே தோட்டத்துக்கு மறுபடி அனுமதி வாங்கிக் கொடுத்தது. நிபந்தனைகள் உண்டு. குழாய் இணைப்பு எடுத்தாக வேண்டும். குவியல் இடுப்புக்கு மேல் போகக்கூடாது. கண்ணாடிக்கடைக்காரர் அதன் பக்கத்தில்கூட வரக்கூடாது, பொறுப்பு மனைவிக்கு.

இப்போது மனைவி குவியலைப் புரட்டுகிறார், தாராளமாக நனைக்கிறார். கணவர் கம்பிக்கதவுக்கு வெளியே நின்று கழுத்தை நீட்டுகிறார்.

"கொஞ்சம் காய்ஞ்ச இலையும் சேத்தா..."

"ஏங்க, கடையில யாராவது கண்ணு தெரியாம உக்காந்திருப்பாங்க. போங்க."

போகிறார்.